குண்டுப் பைக்கு எட்டு மணி ஐம்பது நிமிடம்

வினாடியை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. என் கணவரின் தம்பி. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். மேலே போகிற ஒவ்வொரு தடவையும் படியை எண்ணிக்கொண்டே ஏறுவான். பதினான்கு படி. பத்து வருஷமாக அதே பதினான்குதான், ஆனாலும் நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவில் ஒன்று குறைந்திருக்குமோ என்று சந்தேகப்படுகிறவன் மாதிரி எண்ணுவான். சோறு வெந்து இறங்க எவ்வளவு நேரம் ஆனது, என் கணவர் குளிக்க எவ்வளவு நேரம் எடுத்தார், நான் பக்கத்து வீட்டுக்காரியிடம் வாசலில் நின்று எவ்வளவு நேரம் பேசினேன், எல்லாம் அவனுக்குத் தெரியும். கேட்காமலேயே சொல்லவும் செய்வான். இப்படிப்பட்ட ஒருவனோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும்.

வீட்டில்தான் இந்தத் தொல்லை என்றால் வேலையிலும் அவனே. இருவருக்கும் ஒரே கைப்பைத் தொழிற்சாலை. முதலில் அவன் தோல் வெட்டும் மேசையில் இருந்தான். அழுத்தும் இயந்திரத்தில் இடது கை மாட்டி இரண்டு விரல் மடங்காமல் போனது. பாவம் பார்த்து நேரம் எடுக்கும் பிரிவில் போட்டார்கள். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச், கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம். வேலை செய்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுத வேண்டும். அவன் எழுதுவதை வைத்துத்தான் எங்களுடைய தினசரி டார்கெட். வினாடி என்று பேர் வைத்தது நான்தான். ஒரே வாரத்தில் வாசல் காவலாளி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் எனக்கு ஒரு திருப்தி.

நாங்கள் செய்தது பணக்காரப் பைகள். அவற்றை மாட்டிக்கொண்டு போகிற ஒரு பெண்ணைக்கூட எங்கள் தெருப்பக்கம் நான் பார்த்ததில்லை. நான் இருந்த லைனில் ஒரே ஒரு மாடல்தான் வரும். கம்பெனி விலைப் புத்தகத்தில் அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு சீமாட்டியின் பேர். நாங்கள் குண்டு என்போம். அடிப்பக்கம் தொப்பை மாதிரி உருண்டிருக்கும். பையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிதான் தைப்பார்கள். தைத்து முடித்த பிறகு ஆவி காட்டி, வாய் வழியாகக் கையை விட்டு, மழுங்கின மரக்கட்டையால் அடியை நெட்டித் தள்ளிப் புரட்ட வேண்டும். அதுதான் என் வேலை. தொப்பையில் ஒரு மடிப்பு விழுந்தாலும் பை குப்பைக்குப் போகும். பன்னிரண்டு வருஷம் புரட்டினேன். ஒரு பைக்குப் பதினோரு நிமிடம் ஆகும். என்னைவிட வேகமாகப் புரட்டினவள் அந்தக் கூடத்தில் இருந்ததில்லை, இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஒரு மாடலை ஏன் நிறுத்துகிறார்கள் என்று வாங்குகிறவர்கள் கடையில் கேட்பார்களாம். கடையில் நிற்கிற பெண்ணும் முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, இந்தப் பையின் பயணம் நிறைவடைந்தது என்பாளாம். பயணமாவது மண்ணாவது. எங்கள் கூடத்திலேயே எத்தனை மாடல் செத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று, அதன் பூட்டைச் செய்து கொடுத்தவர் பட்டறையை மூடிவிட்டார் என்பதற்காக நின்றது. ஜன்னல் என்று நாங்கள் கூப்பிட்ட ஒன்று ரொம்ப விற்றதால் நின்றது. சீமாட்டிக்கு முடி வெட்டிவிடுகிற பெண்ணும் அதையே மாட்டிக்கொண்டு வந்தால் சீமாட்டிக்கு வயிற்றைக் கலக்காதா? சிவப்பாக ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார்கள். கிடைக்காமல் போனால்தான் ஏங்குவார்களாம். இப்படியெல்லாம் யோசிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். மாடல் நின்றால் லைன் நிற்கும், லைன் நின்றால் அதில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். குண்டு லைனில் நாங்கள் நாற்பத்தொரு பேர்.

இப்போது மாப்பிள்ளை நடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்டாப்வாட்ச்சோடு ஆள் வருகிற அன்றைக்கு யாரும் வழக்கமான வேகத்தில் வேலை செய்ய மாட்டார்கள். செய்தால் அதுவே டார்கெட் ஆகிவிடும், பிறகு காய்ச்சலானாலும் இடுப்பு வலியானாலும் அதே வேகத்தில் ஓட வேண்டும். அதனால் அன்றைக்கு மட்டும் ஊசியில் நூல் கோர்க்கிறவள் மூன்று தடவை கண்ணைக் கசக்குவாள். பசை தடவுகிறவள் டப்பா மூடியைத் திறக்கத் திணறுவாள். ஊர்வலத்தில் வருகிற மாப்பிள்ளை மாதிரி எல்லாக் கையும் அசைந்து அசைந்து போகும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இது எல்லோருக்கும் தெரிந்துவிடும். நேரம் எடுக்கிறவர்களுக்கும் தெரியும். வெட்டு மேசையில் இருந்த காலத்தில் வினாடியும் நடந்த நடைதான் இது.

ஆனால் அந்தப் பக்கம் போனதும் அவனுக்குப் புத்தி வேலை செய்தது. ஜன்னல் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த லைனில் சாயக்காரி என்று என் சிநேகிதி இருந்தாள். வெட்டின தோலின் விளிம்பில் சாயம் பூசி, காய வைத்து, தேய்த்து, மறுபடி பூசி, இப்படி ஐந்து தடவை செய்ய வேண்டிய வேலை. வினாடி அவளை நேரம் எடுத்தான். படிவத்தின் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். இந்த மகாராசன், 'வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறார், உண்மை நேரம் இதில் முக்கால் பங்கு' என்று எழுதிவிட்டான். அவ்வளவுதான், அடுத்த வாரமே டார்கெட் ஏறியது. மூன்று மாதத்தில் சாயக்காரியின் மணிக்கட்டு வீங்கி, அதற்குப் பிறகு பட்டை கட்டிக்கொண்டுதான் வேலை செய்தாள்.

நான் விடுவேனா? நாலு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே திட்டினேன். கடைசியில் என் கணவர் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர், சண்டை என்றால் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போகிற சுபாவம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக நடுவில் வந்தார். அவர் முன்னால் நான் கேட்டேன்.

"இவன் என்ன பெரிய ஜோசியக்காரனா? கடிகாரம் காட்டுறத எழுதத்தான சம்பளம் குடுக்குறாங்க. இவன் மனசுல தோணுறத எழுதுறதுக்கு யார் கேட்டா?"

வினாடி தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"சரி அண்ணி. இனிமே கடிகாரம் காட்டுறத மட்டும் எழுதுறேன். குறிப்புல ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன். அண்ணன் மேல சத்தியம்."

"ஞாபகம் வச்சுக்கோ," என்றேன். என்னைவிட நன்றாகவே அவன் ஞாபகம் வைத்துக்கொண்டான்.

ஜன்னல் நின்றதும் சாயக்காரி எங்கள் குண்டு லைனுக்கு வந்தாள். அதற்கு ஒரு வருஷம் கழித்து ஒரு காலை. நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். அவன் படியை எண்ணாமல் இறங்கி வந்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அண்ணி, இன்னைக்கு குண்டு லைன்ல நேரம் எடுக்கிறோம்."

"எடு. யார் வேண்டாம்னா?"

"இது டார்கெட் வைக்கிறதுக்கு இல்ல. ஹெட் ஆபீஸ்ல இருந்து கேட்டிருக்காங்க. ஒரு பைக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல போற மாடல எல்லாம் நிறுத்தப் போறாங்க. வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்."

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நெஜத்துல குண்டுக்கு ஆறே காலு, ஆறரைதான் ஆகும். இன்னைக்கு ஒரு நாள் எல்லாரையும் எப்பவும் போல செய்யச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா யாரு கேப்பா?"

"அடடா, என்ன அக்கறை. சாயக்காரி கைய ஒடச்சது போதலியா, மிச்சம் நாப்பது பேர் கையும் வேணுமா ஒனக்கு? இந்தக் கதைய வேற எங்கயாவது போய் அள."

"கதை இல்ல அண்ணி."

"போய் வேலையப் பாரு."

வாசற்படியில் செருப்பை மாட்டினான். பிறகு போய்விட்டான். நான் தொழிற்சாலைக்குப் போய் என்ன செய்தேன் தெரியுமா? சாயக்காரியிடமும் மற்றவர்களிடமும் ஒரே ஒரு வரிதான் சொன்னேன். "இன்னைக்கு வினாடி வர்றான், நடை இன்னும் கொஞ்சம் நிதானமா இருக்கட்டும்." அவன் சொன்ன மற்றதில் ஒரு வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. பொய் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அது பொய்யா மெய்யா என்று நாற்பது பேரிடம் கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை.

அன்றைக்கு நாங்கள் நடந்தது மாதிரி எந்த மாப்பிள்ளையும் நடந்திருக்க மாட்டான். பொத்தானை அழுத்திவிட்டு அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்றான். நான் ஆவியை இரண்டு தடவை காட்டினேன். கட்டையைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். புரட்டி முடிக்க இருபத்தாறு நிமிடம். அவன் குனிந்து என் காதருகே மெதுவாகச் சொன்னான்.

"அண்ணி, வழக்கமா பதினொண்ணுதான? இன்னொரு பை புரட்டுறீங்களா? இத அடிச்சுட்டு அத எழுதிக்கறேன்."

நான் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். "கடிகாரம் என்ன காட்டுதோ அத எழுது தம்பி. சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். சாயக்காரி பட்டை கட்டின கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வினாடி எழுதினான். குறிப்புக் கட்டத்தில் ஒரு கோடு போட்டான். அதை நான் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க ஒரே குஷி.

மூன்று வாரம் கழித்து ஹெட் ஆபீஸ் அம்மா வந்தார். நாற்பத்தொரு பேரையும் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, திரையில் குண்டின் படத்தைக் காட்டி, அதன் பயணம் நிறைவடைகிறது என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் முன்னால் இருந்த டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன். அடுத்த படத்தில் ஒரு பட்டியல். குண்டுக்கு நேராக எட்டு மணி ஐம்பது நிமிடம். ஏழு மணி நேரத்துக்கு மேல் போகிற நான்கு மாடல்களை நிறுத்துகிறோம், வடிவம் நன்றாக இருக்கிறது, வாங்குகிறவர்களுக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் செய்ய இவ்வளவு நேரம் ஆகிற பை கட்டுப்படியாகாது என்றார். மாதக் கடைசியில் லைனை மூடுகிறார்கள். ஏழு பேருக்கு வேறு லைனில் இடம், மற்றவர்கள் போகலாம். அந்த ஏழு பேரில் நான் இல்லை. மணிக்கட்டுப் போன சாயக்காரியை எவன் சேர்ப்பான்?

அன்றைக்குக் காலையில் அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் திரையில் எழுதியிருந்தது. நாற்பது பேரும் திரும்பி, சுவரோரம் நின்றிருந்த வினாடியை முறைத்தார்கள். "படுபாவி, உன் கடிகாரத்த நீயே முழுங்கு," என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சாயக்காரி எழுந்தே நின்றுவிட்டாள். "என் கைய வாங்கின. இப்ப சோத்தையும் வாங்கிட்ட. நல்லா இருப்பியா நீ?"

அவன் என்னைப் பார்த்தான். ஒரே ஒரு தடவை. நான் டம்ளரைப் பார்த்தேன்.

பிறகு அவன் அந்த அம்மாவிடம் போய்ப் பேசினான். கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், அந்த நேரம் தப்பு. மறுபடி எடுக்கணும்."

"ஏன், வேலை செஞ்சவங்க வேணும்னே மெதுவா செஞ்சாங்களா?"

ஆமாம் என்று அவன் சொல்லியிருந்தால் அன்றைக்கே எங்கள் நாற்பத்தொரு பேர் சீட்டும் கிழிந்திருக்கும். வேலையில் ஏமாற்றினால் என்ன ஆகும் என்று விதிப் பலகையில் முதல் வரியாகவே எழுதி மாட்டியிருக்கிறார்கள்.

"இல்ல மேடம். அவங்க ஒழுங்காத்தான் செஞ்சாங்க. நான்தான் சாப்பாட்டு நேரத்துல கடிகாரத்த நிறுத்தாம விட்டுட்டேன். கூட்டினதுலயும் தப்பு. என் பிழை."

பத்து வருஷமாகப் படியை எண்ணுகிறவன். கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டானாம். மற்றவர்கள் அதை நம்பினார்கள், எல்லாம் அவன் பிழையால் வந்த வினை என்று.

வேறு ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து மறுபடி நேரம் எடுத்தார். அன்றைக்கு மாப்பிள்ளை நடையெல்லாம் கிடையாது, உயிரைக் கொடுத்து ஓடினோம். நான் பத்து நிமிடத்தில் புரட்டினேன். ஆறு மணி இருபது நிமிடம். குண்டு பிழைத்தது. லைன் பிழைத்தது. எண்ணத் தெரியாதவன் எதற்கு என்று வினாடியை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது லைனில் கை தட்டினார்கள். சொன்னால் என்ன, நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

புது நேரம் ஆறு இருபது என்றதும் டார்கெட்டும் ஏறியது. கை வலிக்கும்போதெல்லாம் அதற்கும் சேர்த்து வினாடியைத்தான் திட்டினார்கள்.

வீட்டில் என் கணவருக்கு நம்பவே முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்த இடத்தில் தம்பியிடம் கேட்டார்.

"நீ எப்படிடா கடிகாரத்த நிறுத்த மறந்த? நான் பஸ்ஸ மூணு நிமிஷம் லேட்டா எடுத்தாலே கண்டுபிடிக்கிறவன் நீ."

"மறந்துட்டேண்ணே."

"ஏம்மா, நீ அங்கதான இருந்த. என்ன நடந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? முதுகுக்குப் பின்னால நிக்கிறவன் என்ன பண்றான்னு நான் எப்படிப் பாக்கறது?"

வினாடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பத்து வார்த்தை திட்டி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி விடவில்லை. மளிகைக் கடை ஒன்றில் மூட்டை எண்ணுகிற வேலை கிடைத்தது. காலையில் போவான், மாலையில் வருவான், கொடுத்ததைச் சாப்பிடுவான், "வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு மேலே போவான். படியை எண்ணுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஓடியது. வடிவம் போடுகிற பிரிவுக்குப் புதிதாக ஒரு தலைவர் வந்தார். அவருக்கு உருண்டையாக எது இருந்தாலும் பிடிக்காதாம், எல்லாம் கட்டம் கட்டமாக இருக்க வேண்டுமாம். வந்த மூன்றாம் வாரமே குண்டை நிறுத்தினார். எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இந்தத் தடவை யாரும் கேட்கவே இல்லை. லைனை மூடினார்கள். வினாடியின் வேலையைக் கொடுத்து நாங்கள் வாங்கினது அந்த ஒரு வருஷமும் இரண்டு மாதமும்தான்.

கடைசி நாள் வீட்டுக்கு வந்து மூன்று தட்டு வைத்தேன். என் கணவர், "சரி விடு, வேற வேலை கிடைக்கும்," என்றார். வினாடி வழக்கம்போலக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் வாய் தானாகத் திறந்தது.

"தம்பி தப்பா எடுக்கலங்க. எட்டு அம்பது சரிதான். நாங்கதான் இழுத்தோம். நிறுத்தப் போறாங்கன்னு அன்னைக்குக் காலையிலயே வந்து சொன்னான். நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. கேலி பண்ணி அனுப்பிட்டேன்."

என் கணவர் கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போனார். இந்தத் தடவை அவர் நடுவில் வரவில்லை. வினாடி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

"இத அந்தக் கூடத்துல சொல்லியிருக்கலாம் அண்ணி."

"சொன்னா எல்லாருக்கும் வேலை போயிருக்கும்."

"அந்த அம்மா போனப்புறம் சொல்லியிருக்கலாம். கை தட்டாமயாவது இருந்திருக்கலாம்."

அவன் தட்டைக் கழுவி வைத்தான். மறுநாள் காலையில் பெட்டியோடு இறங்கி வந்தான். மளிகைக் கடைக்குப் பக்கத்தில் அறை பார்த்திருக்கிறேன் என்று அண்ணனிடம் மட்டும் சொன்னான். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. நான் சொல்லுவேனா என்று பார்க்கத்தான் இத்தனை நாளும் இந்த வீட்டில் இருந்தான் போலிருக்கிறது.

இப்போதும் எனக்கு அவனைப் பிடிக்காது. வாசலுக்கு வருவான், அண்ணனைப் பார்ப்பான், போவான். நான் எவ்வளவு நேரம் எவளோடு பேசுகிறேன் என்று இப்போது அவன் சொல்வதில்லை. அண்ணி என்று கூப்பிடுவதும் இல்லை.